ஊசி தண்ணீர் என்றது

பாக்கார் ஆராங்கில் இரண்டு கடைவீடு. கரங்கானில், மூன்று பேர் தோண்டிப் பார்த்துக் கைவிட்ட மேட்டில், இன்றுவரை வற்றாத குழாய்க்கிணறு ஒன்று. மெர்போக் பக்கம் ஏழு ரப்பர்த் தோட்டத்து லயங்களுக்குக் குடிதண்ணீர். கோயில் மண்டபத்துத் தரையில் பாதி; மீதிப் பாதியை வேறொருவர் போட்டார், அது வெடித்துக் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இரண்டு லாரி. துளை போடும் இயந்திரம் ஒன்று. நான்கு பிள்ளைகளின் படிப்பு. இவ்வளவையும் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தான். இரண்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். அதனால் அந்த வகுப்புப் பாடத்தில் மட்டும் இந்த மாநிலத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். என் மனைவி அஞ்சலை மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாள். வீடு திரும்பியதும் கேட்பாள்:

"அந்த மண்ணுதின்னி அண்ணனப் பத்தி ஒரு வார்த்த சொன்னா உங்க மாலை வாடிப் போயிடுமா?"

போன மாதம் தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லாம் என்னோடு ஜப்பான்காரன் காலத்தில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள். மெர்போக் சதுப்பில் நாங்கள் துளை போட்ட இடத்தில் ஒரு கல் நடப் போகிறார்களாம். பதினொரு பேர் சயாமுக்குப் போகாமல் தப்பக் காரணமாக இருந்தவருக்கு நன்றி சொல்லும் கல்.

"ஒரு பேர்தான் தாத்தா வேணும். கல்லுவெட்டுறவரு காத்துக்கிட்டிருக்காரு. அவரோட நெசப் பேரு என்னா?"

ஏறக்குறைய ஒரு வருடம் அவரோடு ஒரே குழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையாவது அடியில் என்ன மண் வந்தது என்று இன்று கேட்டாலும் ஒப்பிப்பேன். மனிதரின் பெயரைக் கேட்கவில்லை. தோட்டமே அவரை மண்ணுதின்னி என்றது, நான் முகத்துக்கு நேரே அண்ணே என்றேன், வேலை நடந்துவிட்டது.

பெயர் கொடுக்க முடியாதவன் ஆளையாவது கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆள் உயரம், ஒல்லி, முழங்கை எலும்பு சட்டையைக் கிழிக்கும். அப்போது நாற்பதைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். பர்மாவில் எண்ணெய்க் கிணறுகளில் வெள்ளைக்கார இஞ்சினீயர்களுக்குக் கம்பி பிடித்தவர். கிணற்றுக்குள் மின்சாரக் கம்பியை இறக்கி, மேலே ஒரு பெட்டியில் ஊசி எப்படிச் சாய்கிறது என்று பார்த்து, எந்த அடியில் எண்ணெய், எந்த அடியில் தண்ணீர் என்று குறிக்கும் வேலை. அக்காள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக மெர்போக்குக்கு வந்தார். வந்த மாதத்தில் சண்டை மூண்டது. கப்பல் நின்றது. மனிதர் எங்களோடு மாட்டிக்கொண்டார்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள். ஒன்று, எந்த மண்ணைக் கண்டாலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். கடைவாயில் நறநறவென்று அரைத்து, களியா மணலா, உப்பா சப்பா என்று பார்த்துத் துப்புவார். குழந்தைகள் அவரைக் கண்டால் ஓடினார்கள். இரண்டாவது, எதையும் ஒரே சாட்சியை வைத்து ஒத்துக்கொள்ள மாட்டார். ரசத்தில் உப்புக் குறைவா என்று நாக்கில் விட்டுப் பார்ப்பார், பிறகு அக்காளிடம் கேட்பார், பிறகு பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தைக் கொண்டுபோவார். அதற்குள் ரசம் ஆறிவிடும். ஜப்பான்காரன் வந்து கடிகாரங்களையெல்லாம் அவன் ஊர் நேரத்துக்கு மாற்றியபோது தோட்டத்திலேயே அதிகம் கஷ்டப்பட்டவர் இவர்தான். ஆபீஸ் கடிகாரத்தைப் பார்ப்பார், சூரியனைப் பார்ப்பார், என்னைப் பிடித்து நிறுத்துவார்.

"வீரா, இப்ப நெசமா மணி என்னாலா?"

எது கேட்டாலும் அவருடைய பதில் மலாயில் இரண்டு சொல்: பெலும் தாவு. இன்னும் தெரியாது. வெறுமே தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'இன்னும்' போட்டுத்தான் சொல்வார். பர்மாத் தமிழையும் எங்கள் தோட்டத்துத் தமிழையும் கலந்து பேசுகிறவர் இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் மலாய்க்குப் போனார் என்பதும் பெலும் தாவு.

நான் அவரை மதிக்கத் தொடங்கியது அஞ்சலையால். கல்யாணமான புதிது, வெள்ளைக்காரத் துரை இன்னும் ஓடிப்போகாத நேரம். ரப்பர் மரத்தில் பால் வெட்டி வாளியில் கொண்டுபோனால் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி ஒரு கண்ணாடி மிதவையைப் பாலில் விடுவார். கெட்டிப் பாலில் மிதவை நன்றாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் மேலேயே நிற்கும். அன்றைக்கு அஞ்சலையின் வாளியில் மிதவை கழுத்து நனையாமல் நின்றது. கிராணி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்.

"தண்ணி ஊத்திட்டு வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

அஞ்சலை அழுதாள். நான் கை கட்டி நின்றேன். புருஷன் என்ற முறையில் நான் செய்தது, தலையைக் குனிந்து என் கால் விரல்களை எண்ணியது. பத்து இருந்தன.

கூட்டத்தின் பின்னாலிருந்து நீண்ட கை ஒன்று வந்தது. வாளிக்குள் விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தது.

"ஐயா, மிதவை நிக்குது, சரி. தண்ணியாலதான் நிக்குதுன்னு யார் சொன்னா? பாலு உறைய ஆரம்பிச்சிருந்தா அதுவும் மிதவையப் பிடிச்சு நிறுத்தும்லா. கையில இழுக்குது பாருங்க. ஒரு குவளை எடுத்து ஆசிட் விட்டு உறைய வெச்சு, ரப்பரை நிறுத்துப் பாருங்க. அது ரெண்டாவது சாட்சி."

"நீ யாருடா?"

"அக்கா வீட்டுக்கு வந்தவன்."

கிராணி அவரைத் திட்டினார். துரை அந்தப் பக்கமாக வந்ததால் குவளை வைக்கப்பட்டது. மறுநாள் நிறுத்தால், அந்த வரிசையிலேயே கெட்டியான பால் அஞ்சலையுடையது. வெயிலேறும்வரை மரம் வெட்டியதில் பால் வாளியிலேயே இறுகத் தொடங்கியிருந்தது. அது கெட்டியாக இருந்ததால்தான் மிதவை அதைத் தண்ணீர் என்றது. அன்றிலிருந்து வீட்டில் எதைச் செய்தாலும் மண்ணுதின்னி அண்ணனுக்கு ஒரு பங்கு போயிற்று. எனக்கு வந்த பங்கு கொஞ்சம் சிறுத்தது.

இனி என் சாதனைக்கு வருகிறேன்.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, சுட்டு, மாவாக்கி, வேறு பெயர் வைத்துத் தின்றுகொண்டிருந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். முதல் லாரியில் அஞ்சலையின் தம்பி போனான். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று கையாட்டினான். அவன் வரவேயில்லை. அந்த நேரத்தில் நான் மெர்போக் சதுப்பில் நண்டு தேடிப்போய், குட்டைத் தண்ணீரின் மேல் வானவில் மாதிரி நிறநிறமாக ஒரு படலத்தைக் கண்டேன். லாரி நின்ற இடத்துச் சேற்றில் அதே நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

யாரிடமும் கேட்கவில்லை. நேரே சுங்கைப் பட்டாணிக்கு நடந்தேன், ஜப்பான்காரன் ஆபீஸ் வாசலில் குனிந்து வணங்கி, "மாஸ்டர், மிஞ்ஞாக்!" என்று கூவினேன். மிஞ்ஞாக் என்றால் எண்ணெய். ஒரு மூட்டை அரிசி கொடுத்தார்கள். தோளில் சுமந்து வீடு வந்தபோது மெர்போக்குக்கே நான்தான் ராஜா.

மறுநாள் காலை மண்ணுதின்னி அண்ணனைக் கூட்டிப்போய்க் குட்டையைக் காட்டினேன். அவர் ஒரு குச்சியை ஒடித்துப் படலத்தைக் குத்தினார். அது கண்ணாடி உடைந்த மாதிரி துண்டு துண்டாகி, அப்படியே மிதந்தது.

"எண்ணெயா இருந்தா குத்துன இடத்துல சுழிச்சு மறுபடி ஒட்டிக்கும் வீரா. இது உடையுது. ஜெராய் மலையிலருந்து வர்ற இரும்புத்தண்ணி இது. துருவோட ஏடு."



"அண்ணே, ஜப்பான்காரன்கிட்ட சொல்லிட்டேனே!"

"போய் மாத்திச் சொல்லு."

"அரிசியில பாதிய லயமே தின்னுடுச்சு அண்ணே. தலைய எடுத்துடுவான்."

அவர் குட்டைக் கரை மண்ணை நாக்கில் வைத்து வெகுநேரம் மென்றார்.

"மேல இருக்கிறது எண்ணெய் இல்ல. அது தெரிஞ்சிடுச்சு. கீழ என்னா இருக்கு? பெலும் தாவு."

என் உயிர் தொங்கிய முதல் கயிறு அதுதான்.

வந்த ஜப்பான்காரர் பட்டாளத்து ஆள் மாதிரி இல்லை. கல் மண் படித்த இளைஞர். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, நூலால் காதில் கட்டியிருந்தார். நாங்கள் கண்ணாடி மாஸ்டர் என்போம். மண்ணுதின்னி அண்ணன் முதல் நாளே அவரிடம், படலம் எண்ணெய் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் கழுத்தைத் தடவிக்கொண்டேன். கண்ணாடி மாஸ்டர் குச்சியால் தானும் குத்திப் பார்த்து, முகம் வாடி, "அப்படியானால் கீழே?" என்று மலாயில் கேட்டார். அண்ணன் தன் இரண்டு சொல்லைச் சொன்னார். கண்ணாடி மாஸ்டரும் திரும்பிப் போக விரும்பவில்லை என்பது பிறகு புரிந்தது. சதுப்பில் வேலை இல்லையென்றால் அவரைப் பர்மா சண்டைக்கு அனுப்புவார்களாம்.

மூன்று மரங்களைக் கூம்பாக நட்டு, கப்பி கட்டி, கம்பியும் குழாயும் தொங்கவிட்டுத் துளை போட ஆரம்பித்தோம். பதினொரு பேர். அண்ணன் தனிக் கணக்கு. தலைவன் நான். எண்ணெய் வேலையில் இருக்கிறவனைச் சயாமுக்குப் பிடிக்கக்கூடாது என்று துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நான் எண்ணெய்த் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

அறுபதாவது அடியில் கண்ணாடி மாஸ்டர் முதல்முறை கம்பியை இறக்கினார். பெட்டியில் ஊசி. மின்சாரம் எண்ணெய்க்குள் போகாது, உப்புத்தண்ணீருக்குள் ஓடும். ஆகவே ஊசி அசையாமல் நின்றால் எண்ணெய். வலப்பக்கம் சாய்ந்தால் தண்ணீர். இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது, இன்றைக்கும் மற்றவர்களிடம் இதைத்தான் பெரிய ரகசியம் போலச் சொல்வேன். ஊசி போய் வலது ஓரத்தில் இடித்துக்கொண்டது.

"ஆயர்," என்றார் கண்ணாடி மாஸ்டர். தண்ணீர். நோட்டுப் புத்தகத்தை மூடினார். லயத்துப் பக்கம் அந்த வாரம் சயாம் லாரி நிற்பது எல்லாருக்கும் தெரியும். மற்ற பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலைவன் அல்லவா, அண்ணனைப் பார்த்தேன்.

"மாஸ்டர், ஊசி பொய் சொல்லாது. கரண்டு சுலபமா போச்சுன்னு அது சொல்லுது. தண்ணின்னு நீங்க சொல்றீங்க," என்றார் அண்ணன்.

சொல்லிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குப் போனார். அஞ்சலையிடம் போர்க்காலத்தில் மிஞ்சியிருந்த கடைசித் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கேட்டார். நான் கேட்டால் தலைக்குத் தடவ ஒரு சொட்டுத் தராதவள், அவர் கேட்டதும் புட்டியோடு கொடுத்தாள்.

ஒரு பிஸ்கட் தகரத்தில், துளையிலிருந்து வந்த மணலையும் களிமண்ணையும் கலந்து, உப்புத்தண்ணீர் விட்டுப் பிசைந்தார். கண்ணாடி மாஸ்டர் கண் முன்னாலேயே தேங்காயெண்ணெயைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றி, இடித்து இறுக்கினார். பிறகு கம்பிகளை அதில் குத்தச் சொன்னார். ஊசி வலது ஓரத்தில் போய் இடித்தது.

"என்ன எழுதுவீங்க மாஸ்டர்? ஆயரா?"

கண்ணாடி மாஸ்டர் கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் குத்திப் பார்த்தார். அண்ணன் சொன்னார்:

"களிமண்ணு தன் உடம்பு முழுக்க உப்புத்தண்ணிய ஒட்ட வெச்சிருக்கு. எண்ணெய் நடு ஓட்டையில உக்காந்திருக்கு. கரண்டு எண்ணெயத் தொடவே வேணாம், ஓரமாவே நடந்து போயிடும். பர்மாவுல இப்பிடித்தான் ஒரு அடுக்கத் தண்ணின்னு எழுதி மூடிட்டாங்க. ரெண்டு வருசம் கழிச்சு வேற ஆளு வந்து தொறந்தான். எண்ணெய் வந்துச்சு. மூடச் சொன்ன துரை என்னையத்தான் திட்டுனாரு."

இன்னும் இரண்டு காரணம் சொன்னார். எண்ணெய் மணல் விரல் கனத்தில் இருந்து, மேலும் கீழும் களிமண் மாறி மாறி இருந்தால், கம்பி அதையெல்லாம் சேர்த்துத்தான் அளக்கும். பசாரில் மலாய்க்காரம்மா விற்கிற அடுக்குப் பலகாரத்தை ஒரே கடியாகக் கடித்துவிட்டு எந்த அடுக்கு என்ன ருசி என்று சொல்ல முடியாத மாதிரி. மணலில் பொன் போல மினுக்குகிற இரும்புக் கல்லின் பொடி கலந்திருந்தால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும், தண்ணீரே வேண்டாம். பலகாரம் என்றதும் எங்களில் பாதிப் பேருக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை.

"அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றார் கண்ணாடி மாஸ்டர். அவர் கேட்ட விதம், வேலைக்காரனைக் கேட்ட மாதிரி இல்லை.

"ஊசி ஒரு சாட்சி. மண்ண உருளையா மேல எடுத்து, உடைச்சு, அடுக்கு அடுக்காப் பாக்கணும். சுடுதண்ணியில கழுவி மேல என்னா மிதக்குதுன்னு பாக்கணும். களி எவ்வளவு மணல் எவ்வளவுன்னு கண்ணாடிச் சாடியில தெளிய விடணும். மோந்து பாக்கணும். நக்கிப் பாக்கணும். எல்லாம் ஒண்ணையே சொன்னா எழுதுங்க."

ஒவ்வோர் அடுக்குக்கும் அத்தனை சாட்சி. ஒவ்வொன்றுக்கும் பல நாள். லாரிகள் வந்தன, நிரம்பின, போயின. நாங்கள் சாடியில் களிமண் தெளிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உலகத்தில் இவ்வளவு மெதுவான காரியத்தை நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

பிறகு, இடுப்பில் வாள் கட்டிய அதிகாரி ஒருவன் அலோர் ஸ்டாரிலிருந்து காரில் வந்தான். பத்து நாள் கெடு. எண்ணெயா, தண்ணீரா, ஒரே சொல் வேண்டும். இல்லையென்றால் சீட்டு ரத்து, பதினொரு பேரும் சயாம் லாரியில்.

எட்டாம் நாள் மத்தியானம், எல்லாரும் மரத்தடியில் கிழங்கு தின்னும்போது நான் என் இரண்டாவது சாதனையைச் செய்தேன். அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் பலகை மேல் அன்று எடுத்த மண் உருளை கிடந்தது. கப்பிக்குப் போட வைத்திருந்த எண்ணெய் டின் பக்கத்தில் இருந்தது. ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய். அந்தக் காலத்தில் ஜப்பான்காரன் லாரிகளே அதில்தான் ஓடின. இரண்டு குவளை எடுத்து உருளைமேல் தடவி ஊற்றினேன். வாசனை காட்டிக்கொடுக்குமே என்று யாரும் கேட்கலாம். பிறந்ததிலிருந்து ரப்பர்ப் புகைக்கொட்டகைக்குப் பக்கத்தில் மூச்சு விட்டவன் நான். ரப்பருக்கு ஒரு வாசனை உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

கண்ணாடி மாஸ்டர் வந்தார், கழுவினார், சுடுதண்ணீரில் எண்ணெய் மிதந்தது. மனிதர் குழந்தை மாதிரி குதித்தார். ஊசி தண்ணீர் என்கிறது, மண்ணில் எண்ணெய் இருக்கிறது! அண்ணன் சொன்னதேதான்! ஆள் அனுப்பி வாள்காரனை வரவழைத்தார். கூட்டாளிகள் என் முதுகைத் தட்டினார்கள். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஜெராய் மலை உச்சியைப் பார்த்தேன்.

வாள்காரன் முன்னால் மண்ணுதின்னி அண்ணன் உருளையில் ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கில் வைத்தார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இந்த வயதிலும் நான் எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

உருளையை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார். தோல் கறுப்பு, உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான களி.

"மாஸ்டர், இது பூமி எண்ணெய் இல்ல. ரப்பர் எண்ணெய். மேல ஊத்துனது. உள்ள இறங்கல, பாருங்க."

"யார் ஊற்றியது?" என்றான் வாள்காரன். அண்ணன் சொன்னார்:

"பெலும் தாவு."

வாள்காரன் ஒவ்வொருவன் கையையும் பிடித்து மோந்தான். பதினொரு பேரும் பால் வெட்டுகிறவர்கள். பதினொரு பேர் கையிலும் ரப்பர் நாற்றம். அவன் வாளை உருவினான், எல்லாரையும் மண்டியிடச் சொன்னான்.

அப்போது நான் ஓரடி முன்னால் வந்து, "நான்தான்" என்றேன். இப்படித்தான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். நடந்தது வேறு. மண்டியிடப் போய்த் தடுக்கி முன்பக்கமாக விழுந்தேன். விழுந்த இடத்தில் வாயிலிருந்து "நான்தான் மாஸ்டர்" என்று வந்துவிட்டது. சொல்லச் சொல்ல அந்த விழுதல் நாளாவட்டத்தில் ஓரடி முன்வைத்ததாக மாறிப்போயிற்று.

வாள்காரன் அறைந்ததில் இரண்டு பல் அன்றைக்குப் போயிற்று. அந்தி சாயும்வரை உடைந்த உருளையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றேன். எண்ணெய் காதில் இறங்கியது. முதல் தடவையாக அந்த நாற்றம் எனக்குத் தெரிந்தது.

எனக்கு எதிரே வாள்காரன் அண்ணனைக் கேட்டான், எண்ணெயா தண்ணீரா என்று. உன் ஆட்களின் உயிர் இதில் இருக்கிறது என்றும் சொன்னான். அண்ணன் மறுபடியும் அதே இரண்டு சொல். வாள்காரன் வாளை உறையில் போட்டான். தனக்குச் சாதகமாக வந்த எண்ணெயையே இல்லை என்று சொல்கிறவன் இன்னும் தெரியாது என்றால் அது தெரியாததுதான் என்று கண்ணாடி மாஸ்டரிடம் ஜப்பான் மொழியில் சொன்னானாம். அவர் பிறகு எங்களுக்குச் சொன்னார். அடிமட்டம் வரை தோண்டச் சொல்லிவிட்டுக் காரேறிப் போனான். கெடு போயிற்று. சீட்டு இருந்தது.

அன்றிரவு அஞ்சலை எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே, "அண்ணன் உங்களக் காட்டிக் குடுக்கல. கவனிச்சீங்களா?" என்றாள். நான் பல் போன பக்கத்தை விட்டு மறுபக்கமாகக் கஞ்சியைக் குடித்தேன்.

இனிக் கடைசி விஷயம். இதைத்தான் நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

பல மாதங்கள் கழித்து உளி ஏதோ ஒன்றில் மோதி ஒலித்தது. மேலே வந்தது வெள்ளையும் கறுப்புமாகக் கல் சில்லு. கம்பியை இறக்கினார்கள். முதல் தடவையாக ஊசி அசையாமல் நின்றது. ஊசிக் கணக்குப்படி அது எண்ணெய். ஆனால் அந்தச் சில்லு ஜெராய் மலைக் கல் என்பது மெர்போக்கில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் கோயில் படிக்கட்டே அதுதான். கல்லுக்குள்ளும் மின்சாரம் போகாது. கதை முடிந்தது, அடிமட்டம் வந்தாயிற்று, எண்ணெயும் இல்லை.

அண்ணன் சில்லை நாக்கில் வைத்தார்.

"பெலும் தாவு."

கண்ணாடி மாஸ்டர் கல் படித்தவர். சில்லைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் காதில் நூலை மாட்டினார், நோட்டில் ஏதோ எழுதினார். அடுத்த நாளும் கழுவினார்கள், சுடவைத்தார்கள், சாடியில் தெளிய விட்டார்கள். கல்லில் தெளிவதற்கு என்ன இருக்கிறது? பெலும் தாவு. ஒன்பது நாள்.

எட்டாம் நாள் கிழங்கு ஏற்றிவந்த லாரிக்காரன், சயாமில் ரயில் பாதை முடிந்துவிட்டது, இனி ஆள் பிடிக்க மாட்டார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னான். அண்ணன் கையிலிருந்த சில்லைக் கீழே வைத்தார். எழுந்து, ஜப்பான்காரர்களுக்குச் சமைக்கிற ஆளிடம் போய் அதையே கேட்டார். அவனும் ஆமாம் என்றான். மறுநாள் காலை அண்ணன் கண்ணாடி மாஸ்டரிடம் போனார்.

"தாவு," என்றார். தெரிந்துவிட்டது. "எண்ணெய் இல்ல."

எங்களைக் கிழங்குத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பதினொரு பேரும் உயிரோடு சண்டை முடிவதைப் பார்த்தோம்.

சண்டை முடிந்த பிறகு அண்ணன் பர்மாவுக்குக் கிளம்பினார். சுங்கைப் பட்டாணி ஸ்டேஷன் வரை நான் கூடப் போனேன். பினாங்குப் பக்கம் போகும் ரயில் எது என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டார், மூட்டை தூக்குகிறவரிடம் கேட்டார், கடைசியில் இஞ்சின் ஓட்டுகிறவரிடமும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். நான் அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அந்த ஒம்போது நாளு. தெரிஞ்சேதான இழுத்தீங்க?"

"நீ என்னா நெனைக்கிற?"

"தெரிஞ்சேதான்."

"அது ஒரு சாட்சி," என்று சொல்லிவிட்டு ஏறினார். ஜன்னலிலிருந்து அவர் கை ஆட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் இந்த ரயில் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை, தகவல் இல்லை. அவருடைய அக்காள் குடும்பமும் எப்போதோ வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது, பெயரைக் கேட்க ஆளில்லை.

அந்தத் துளையில் கற்றதை வைத்துத்தான் நான் பிழைத்தேன். கரங்கான் மேட்டில் மூன்று பேர் கைவிட்ட இடத்தில் எனக்கு எப்படித் தண்ணீர் கிடைத்தது என்று கேட்கிறார்கள். மண்ணை நக்கிப் பார்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, மாலை போடுகிறவர்கள் யோசிப்பார்கள் என்று.

பிள்ளைகளே, கல்லில் அவருக்குப் பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை. பெலும் தாவு என்று இரண்டு சொல்லைப் பெரிதாக வெட்டுங்கள், போதும். ஆனால் அதற்குக் கீழே என் பெயர் வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். துருவை எண்ணெய் என்று சொல்லித் துளையை ஆரம்பித்து வைத்தவன் யார்? நான். ரப்பர் எண்ணெயை ஊற்றினவன் யார்? நான் பொய்யை ஊற்றவில்லை என்றால் அவர் அதை உடைத்துக் காட்டியிருக்க முடியாது. உடைத்துக் காட்டவில்லை என்றால், அந்த ஒன்பது நாள் அவர் சொன்னதை வாள்காரன் நம்பியிருக்க மாட்டான். இரண்டு பல்லும் என்னுடையது. கல்லுவெட்டுபவர் இதையெல்லாம் வெட்ட இடமில்லை என்றால் ஒரே வரி போடட்டும்:

சாட்சி: வீராசாமி.

அஞ்சலை இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, ஒரு ஆள் சொன்னால் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார், தேங்காயெண்ணெய் கொடுத்தவள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள் என்கிறாள். நியாயம்தான். இரண்டு பெயராக வெட்டுங்கள். என்னுடையது மேலே.